இரண்டு அண்ணன்களின் எலும்புகள்

பேசின் பிரிட்ஜ் யார்டுக்குள் ரயில் நின்று வெகுநேரமாகிவிட்டது. இரண்டு பக்கமும் காலிப் பெட்டிகள். வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கைப்பேசி அடித்தது. தெரியாத எண்.

"பிரான்ஸ்லேந்து வந்துகீற சேவியரா?" என்றது ஓர் ஆண்குரல்.

"ஆமா."

"ஜெயராஜ் பேசறேன், காசிமேடு. அந்தக் குழி எங்க நைனாவோடது. உங்க அண்ணிகிட்ட சொல்லிட்டேன், உங்ககிட்டயும் சொல்றேன். வந்தமா, சொந்தக்காரங்கள பாத்தமா, துன்னமா, கெளம்பினமான்னு இருங்க. கல்லறப் பக்கம் வராதீங்க."

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

ரயிலில் யாருக்கும் பதற்றமில்லை. பாரிஸில் மெட்ரோ சுரங்கத்துக்குள் கொஞ்சம் நின்றாலே ஆட்கள் பெருமூச்சு விட ஆரம்பிப்பார்கள். இங்கே எதிர் சீட்டுக்காரர் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார். நான் எடுக்காமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா, எதுனா பேஜாரா?"

"ஒரு குழி விஷயம்."

"தெருவுல தோண்டிப் போட்டுட்டு மூட மாட்றாங்களா?"

"இல்ல. கல்லறைல."

அவர் கொறிப்பதை நிறுத்திவிட்டார். தண்டையார்பேட்டை வரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இறங்கும்போது மட்டும் மிச்சப் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

என் அண்ணன் அமல்ராஜ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த நான், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள காரைக்கால் பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனேன். போன மறு வருஷமே அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு வசிப்பு அனுமதி கைக்கு வராத நேரம் அது. கிளம்பினால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். அடக்கத்துக்கு வரமுடியவில்லை. அண்ணி தனியாக நின்று, குடும்பக் கல்லறை இல்லாததால் சாதாரணக் குழி ஒன்றில் அடக்கம் செய்தார். அந்தக் கல்லறைத் தோட்டத்தின் பேரைச் சொல்லப்போவதில்லை. ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில் சுற்றிலும் வீடுகள் நெருக்கும் ஒரு சின்ன இடம். இடம் போதாத ஊரில் சில வருஷம் கழித்து அதே குழியில் இன்னொருவரை வைப்பது வழக்கம். அண்ணனுக்கு மேல் அப்படி வைக்கப்பட்டவர் ஜெயராஜின் அப்பா சூசை.

இப்போது அந்த வரிசையையே தோண்டி, எலும்புகளை எடுத்துச் சுவர் மாடங்களில் வைக்கப்போகிறார்கள். ஒரு குழிக்கு ஒரு மாடம்; எங்கள் குழியிலோ இரண்டு பேர். அண்ணி தொலைபேசியில் அழவில்லை. "வந்துட்டுப் போ சேவியரு" என்று மட்டும் சொன்னார். அதனால்தான் பயந்து கிளம்பினேன்.

காலடிப்பேட்டை வீட்டு வாசலில் நின்ற அண்ணியின் முதல் கேள்வி, "மெட்ரோ ஏர்போட்லேந்து நேரா இங்கயே வருது. நீ இன்னாத்துக்கு ரயிலு புடிச்ச?"

நான் போனபோது மெட்ரோ இல்லை என்றேன். பழைய பழக்கத்தில் சென்ட்ரலுக்கு டாக்சி பிடித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. நெத்திலிக் குழம்பை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. துணிக் கம்பெனியில் வேலை செய்து ஓய்வு பெற்று, தனியாகவே இருக்கிறார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். நான் போம்போது என்ன அவருகூட வைக்கணும். அந்த மாடம் வேற ஆளு பேருக்குப் போச்சின்னா நான் எங்க போவேன்?"

"அவங்ககிட்ட பேசினீங்களா?"

"அந்தப் புள்ள கத்தறான். அவங்கம்மா ஒரு வார்த்த பேசல. என்னயே பாத்துகினு நின்னா. அதான் எனக்கு இன்னும் பயமா கீது."

குழம்பு நான் நினைத்துக்கொண்டிருந்த அதே ருசி. ஆனால் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் காசிமேட்டுக்குப் போனேன். வராதே என்று சொன்னவரை நேரில் பார்த்துவிடுவது நல்லது என்று தோன்றியது. படகுகள் வந்து சேர்ந்து, ஐஸ் வண்டிகளும் ஆட்டோக்களும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. ஈரத் தரையில் என் பிரெஞ்சு செருப்பு வழுக்கியது. ஏலம் விடுகிறவர்களில் கட்டையான, சிவந்த கண்ணுள்ள ஒருவரைக் காட்டி, "அவர்தான் ஜெயராஜு" என்றார்கள். வஞ்சிரத்தை ஏலம் விட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். யாரென்று புரிந்துவிட்டது. குரல் நிற்கவில்லை.

கொஞ்சம் தள்ளிக் கானாங்கெளுத்தியைக் கூறு கட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒரு காலி ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். "குந்து. அவன் முடிக்க நேரமாவும். நான் அவங்கம்மா, ரோசம்மா."

உட்கார்ந்தேன். மீனை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அங்க இன்னா வேல?" என்றார்.

பாரிஸுக்கு வடக்கே சேன் தெனி என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெரிய கோயிலில் பிரெஞ்சு ராஜாக்களைப் புதைத்திருக்கிறார்கள். நிலவறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் கல்லறையைத் தொடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

"சமாதிக்குக் காவலா? ராஜாவ யாரு வந்து தொடப்போறாங்க?"

"ஒரு காலத்துல தொட்டாங்க அக்கா. ராஜாவுக்கு மொதல்ல தண்ணி காட்டினதே மார்க்கெட்டுப் பொம்பளைங்கதான். அதுல மீன்காரங்க நெறைய."

அவர் கை நின்றது. பக்கத்துக் கூறுக்காரியும் திரும்பினாள். எனக்கும் என் பழைய பேச்சு நாக்கில் ஏறிக்கொண்டது.

"கஜானா காலி. ஊருல ரொட்டி இல்ல. ராஜா ஊருக்கு வெளிய அரமனைல குந்திகினு கீறாரு. பொம்பளைங்க மழைல நனஞ்சிகினு நடந்தே போனாங்க. இங்கேந்து மீஞ்சூர் தூரம் இருக்கும். அரமனைய வளைச்சி, மறுநாளே ராஜா, ராணி, புள்ளைங்க எல்லாரையும் வண்டில ஏத்தி பாரிஸுக்கு இட்டுகினு வந்துட்டாங்க."

"ஆம்பளைங்க இன்னா பண்ணாங்க?"

"பின்னால வந்தாங்க."

ரோசம்மா பக்கத்துக்காரியைப் பார்த்து, "கேட்டுக்க" என்றார். "அப்பால?"

"அதுக்கப்பறம் ராஜா கைல ஒண்ணும் இல்ல. ஒருநாள் குடும்பத்தோட தப்பிக்கப் பாத்தாரு. அதே ராத்திரி அவரு தம்பியும் வேற ரோட்ல கெளம்பினாரு. தம்பி எல்லையத் தாண்டிட்டாரு. அண்ணன் பாதி வழில மாட்டிகினாரு. கொஞ்ச நாள்ல ராஜாவே வேணாம்னு சொல்லி, அவரு தலைய எடுத்துட்டாங்க. ராணியையும்தான்."

"தம்பி?"

"வெளிநாட்டுல ஊரு ஊரா இருந்தாரு. இருபது வருஷத்துக்கு மேல."

ரோசம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்ன மாதிரி."

"நான் வேல செஞ்சி துன்றேன் அக்கா" என்றேன். பக்கத்துக்காரி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஜெயராஜ் வந்து நின்றார். கையில் ஐஸ் உடைக்கிற கம்பி. மிரட்டுவதற்காக எடுத்து வந்தாரா, கையில் இருந்ததோடு வந்தாரா, தெரியாது. நான் எழுந்து நின்றேன்.

"கத சொல்லி எங்கம்மாவ சரிக்கட்டலாம்னு வந்தியா?"

"டேய், வேலயப் பாரு" என்றார் ரோசம்மா.

"நீ இரும்மா." என்னைப் பார்த்தார். "எங்க நைனா கடலுக்குப் போனாரு. போட்டு கவுந்துச்சி. எண்ணூர் முகத்துவாரத்துல ஒதுங்கினப்போ பாக்கற மாதிரி இல்லன்னு பெட்டிய ஆணி அடிச்சிக் குடுத்தாங்க. எங்கம்மா அவரு மூஞ்சிய பாக்கல. நானும் பாக்கல. எங்களுக்குக் கெடச்சது அந்தக் குழி ஒண்ணுதான்."

"எனக்கும் எங்க அண்ணன் மூஞ்சிய பாக்கக் கெடைக்கல தம்பி."

"அது நீ ஊருல இல்லாததால. நாங்க ஊருலயே இருந்தோம்."

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் நடக்கத் தொடங்கினேன். பின்னால் ஏலக் குரல் மறுபடி கேட்கும்வரை முதுகு கூசிக்கொண்டே இருந்தது.

அன்று மதியம் கல்லறையைப் பார்க்கப் போனேன். கேட்டருகே, காலையில் ஜெயராஜின் ஏலத்தில் பார்த்த இரண்டு பேர் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார்கள். நான் நெருங்கியதும் பைக்கை நகர்த்தி வழியில் நிறுத்தினார்கள். உள்ளேயிருந்து கல்லறைக் கண்காணிப்பாளர் வந்தார். வயதானவர், வெயிலுக்குத் தலையில் துண்டு.

"நாளைக்குக் காலைல தோண்டறோம். ரெண்டு குடும்பமும் பேசி முடிச்சிகினு வாங்க. இங்க சண்டன்னு வந்துச்சி, ரெண்டு பேரு எலும்பையும் அள்ளி மூலைல கீற பொதுக் குழில போட்டு மூடிடுவேன். அப்பால யாரும் கேக்கக் கூடாது."

பைக்கில் இருந்தவர்களுக்கும் இது கேட்டது. அவர்கள் முகம் மாறவில்லை.

ராயபுரத்துத் தெருக்களில் நடந்தேன். பைக் மெதுவாகப் பின்னாலேயே வந்தது. ஓர் அத்தோ கடையில் நுழைந்தேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்த தட்டை எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். சின்ன வயதில் அண்ணன் சம்பள நாளில் வாங்கித்தருவார். அந்த இரண்டு பேரும் பக்கத்து மேசையில் வந்து உட்கார்ந்து ஆளுக்கு ஒரு முட்டை அத்தோ சொன்னார்கள்.

"நல்லா சாப்டு மாமு" என்றான் ஒருவன், ரொம்ப மரியாதையாக. "வெளியூரு வயிறு. நாளைக்குக் காலைல ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்க. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

என் வேலையிடம் ஞாபகம் வந்தது. ராஜாவின் தலையை எடுத்த அதே வருஷம், சேன் தெனியில் பழைய ராஜாக்களின் கல்லறைகளையும் உடைத்தார்கள். பல நூற்றாண்டு ராஜாக்கள், ராணிகள், குழந்தைகள். வெளியே குழி வெட்டி எல்லாரையும் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். வெட்டுப்பட்ட ராஜாவை வேறொரு கல்லறையில் அடையாளமில்லாமல் புதைத்தார்கள். ஓடிப்போன தம்பி கடைசியில் ராஜாவாகத் திரும்பி வந்தார். வந்த சில மாதத்திலேயே அண்ணனைத் தேட ஆள் அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அந்த நிலத்தை வாங்கி, மரம் நட்டு, வேலி போட்டுக் காத்திருந்ததால் இடம் தெரிந்தது. எடுத்து வந்து சேன் தெனியில் அடக்கம் செய்தார். பார்க்க வருகிறவர்கள் இதைக் கேட்டால் சொல்வேன். மனப்பாடமாகச் சொல்வேன். அந்தத் தம்பிக்கு அன்றைக்கு வயிறு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்ததே இல்லை. அத்தோவில் பாதியை வைத்துவிட்டு எழுந்தேன்.

அண்ணியிடம் பைக்கில் வந்தவர்களைப் பற்றிச் சொல்லவில்லை. பொதுக் குழியைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, மடித்து, பைக்குள் வைத்தார்.

மறுநாள் சீக்கிரமே ஆட்டோவில் கிளம்பினோம். கொஞ்ச தூரத்திலேயே கன்டெய்னர் லாரிகளின் வரிசை. துறைமுகத்துக்குப் போகிறவை ஒன்றன் பின் ஒன்றாக நிற்க, இடையில் நுழைந்த வேன் ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. எங்கள் ஆட்டோ இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில். முன்னால் போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. ஆட்டோக்காரர் என்ஜினை அணைத்தார்.

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"அத்த எவனும் சொல்ல முடியாது அண்ணாத்த."

பாரிஸில் வேலைநிறுத்தம் என்றால் முன்னாலேயே அறிவிப்பார்கள், திட்டிக்கொண்டே வேறு வழியில் போவோம். இங்கே திட்டக்கூட ஆள் இல்லை. லாரி ஓட்டுநர்கள் நிழலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணியின் தொலைபேசி அடித்தது. கண்காணிப்பாளர். "தோண்ட ஆரம்பிச்சாச்சி. அவங்க வந்துட்டாங்க. நீங்க எங்க?"

அண்ணி இறங்கிவிட்டார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரெய்லர் சக்கரங்களுக்கும் சாக்கடைக்கும் நடுவில் நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் ஓடினேன். முழங்கால் வலிக்காரர் அவர். நிற்கச் சொன்னால் நிற்கவில்லை. தூசியில் மூச்சு வாங்க, கடைசியில் ஒரு மீன் வேன்காரர் பரிதாபப்பட்டுக் குறுக்குச் சந்துகள் வழியாகக் கொண்டு விட்டார். கேட்டில் அந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அண்ணி அவர்களைப் பார்க்கக்கூட இல்லை, நேராக நடந்தார். அவர்கள் விலகினார்கள்.

குழி திறந்திருந்தது. பக்கத்தில் நீலத் தார்ப்பாய். அதன்மேல் எலும்புகள்.

மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று தனித்தனியாக இருப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. மேல் பெட்டி மக்கி, உடைந்து, மழையில் மண் இறங்கி, இரண்டும் கலந்துபோயிருந்தன. ஜெபமாலை மணிகள் கிடந்தன. இரண்டு பேருக்குமே ஜெபமாலை வைத்துத்தான் அடக்கம் செய்திருந்தார்கள். இரண்டு மண்டையோடுகள். ஒன்றில் பல் வரிசை முழுசாக இருந்தது.

ஜெயராஜ் அதைக் கையில் எடுத்தார். "இது எங்க நைனா."

"இல்ல" என்றார் அண்ணி. "அது அவரு. கடைசி வரைக்கும் அவருக்கு ஒரு பல்லும் விழல."

"எங்க நைனாவுக்கும் விழல."

என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். என்னைத் தோளில் தூக்கித் தேர் காட்டிய அண்ணன். அந்த இரண்டில் அவர் எது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணி கை நீட்டினார். ஜெயராஜ் பின்னால் நகர்ந்தார். அவர் ஆட்கள் கேட்டிலிருந்து உள்ளே வந்தார்கள். யாரோ மண்வெட்டியை எடுத்தார். கண்காணிப்பாளர், "போதும். நான் நேத்தே சொன்னேன்" என்று தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். எலும்புகள் சரிந்தன.

நான் தார்ப்பாயின் மேலேயே மண்டியிட்டுவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. என் எடைக்கு அது நகரவில்லை.

"ஒரு நிமிஷம்" என்றேன். "நான் காவல் காக்கற எடத்துல ராஜாவுங்க எலும்ப குழில கொட்டினாங்க. ஓடிப்போன தம்பி ராஜாவா திரும்பி வந்து, மொதல்ல அண்ணன தேடி எடுத்து வச்சாரு, அப்பால அந்தக் குழியையும் தோண்டச் சொன்னாரு. அவரு பாட்டன், முப்பாட்டன், எல்லாரும் அதுலதான் கீறாங்க. எடுத்துப் பாத்தா இப்டித்தான் கீது. எது யாருன்னு தெரியல. ராஜா சொல்லியும் பிரிக்க முடியல."

மண்வெட்டிக்காரர் அப்படியே நின்றார்.

"அவரு பிரிக்க வேணாம்னுட்டாரு. எல்லாத்தையும் ஒரே அறைல வச்சி மூடி, எல்லார் பேரையும் கல்லுல எழுதிட்டாரு. என் நாற்காலிக்குப் பக்கத்துலதான் அந்தக் கல்லு. ஒருத்தருக்கொருத்தர் ஆகாதவங்ககூட அதுல ஒண்ணாத்தான் கீறாங்க."

"அது ராஜா குடும்பம்" என்றார் ஜெயராஜ். "ஒரே ரத்தம். இவரு யாரு எங்களுக்கு?"

அதுவரை ஓர் ஓரத்தில் நின்றிருந்த ரோசம்மா முன்னால் வந்தார். என்னையும் மகனையும் தாண்டி, நேராக அண்ணியிடம்.

"கல்லறைத் திருநாளுக்கு நான் வர்றதுக்கு முன்னயே ரெண்டு மெழுகுவத்தி எரிஞ்சிகினு இருக்கும். வருஷா வருஷம். நீதானா?"

அண்ணி தலையாட்டினார்.

"எதுக்கு ரெண்டு?"

"மேல புதுசா சிலுவ நட்டிருந்தாங்க. யாருன்னு தெரியல. அவருக்கு மட்டும் கொளுத்திட்டுப் போக மனசு வரல."

ரோசம்மா மகனிடம் திரும்பினார். "இத்தினி வருஷமா உங்க நைனாவ கீயிருந்து தாங்கினு கெடந்தவரு அவரு. யாருன்னு கேக்கற. கீய வை அத்த."

ஜெயராஜ் வைக்கவில்லை. அம்மாவையே பார்த்தார். கண்ணில் நீர் திரண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெதுவாக, என் முன்னால் குனிந்து மண்டையோட்டைத் தார்ப்பாயில் வைத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒரு மாடம், ஒரு பெட்டி" என்றார் கண்காணிப்பாளர், எரிச்சல் குறையாமல். "பேரு எத்தினி வேணும்னாலும் எழுதிக்கங்க, பின்னால வர்றவங்களையும் அதுலயே வச்சிக்கங்க."

அண்ணி கொண்டுவந்த வெள்ளைத் துணியை விரித்தார். இரண்டு பெண்களும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்து வைத்தார்கள். யாருடையது என்று கேட்டுக்கொள்ளவில்லை. பெட்டியை ஒரு பக்கம் ஜெயராஜும் மறுபக்கம் நானும் பிடித்துத் தூக்கினோம். நினைத்ததைவிட எடை குறைவு. வரவழைத்திருந்த பங்குச் சாமியார் சின்ன ஜெபம் சொன்னார். கல்லில் பேர் எழுதுகிறவர் எந்தப் பேர் முதலில் என்று கேட்டார்.

"அமல்ராஜ்" என்றார் ஜெயராஜ். "அவருதான் மொதல்ல வந்தாரு."

வெளியே டீக்கடையில் அண்ணி பெஞ்சில் உட்கார, நாங்கள் நின்றோம். பைக்கில் வந்தவர்களில் ஒருவன் எனக்கு டீயை எடுத்துக் கொடுத்தான், நேற்றைய அதே மரியாதையோடு. ரோசம்மா டம்ளரை ஆற்றிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"எலும்ப எடுத்து வச்சாரே, அந்தத் தம்பி ராஜா. அப்பால நல்லா ஆண்டாரா?"

மறைக்கத் தோன்றவில்லை. "நடுவுல ஒருதரம் மறுபடி ஓட வேண்டியதாப் போச்சி. திரும்பி வந்து செத்துப்போற வரைக்கும் ஆண்டாரு. எங்க கோயில்ல புதைச்ச கடைசி ராஜா அவருதான். அவருக்கப்பறம் வந்த இன்னொரு தம்பிய மறுபடியும் தொரத்திட்டாங்க. அந்தப் பழைய ராஜ்ஜியம் நிக்கல."

ரோசம்மா டீயைக் குடித்து முடித்தார். "நாற்காலி போனா போவுது. அண்ணன எடுத்து வச்சிட்டான் இல்ல?"

பிறகு அண்ணியின் கையைப் பிடித்தார். "வா, எங்க வூடு கிட்டதான். சங்கரா மீனு எடுத்து வச்சிகீறேன். நீ வந்து கொயம்பு வை, உன் கைப் பக்குவம் பாக்கறேன்."

அண்ணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவரோடு நடந்தார்.